செந்தமிழ்செல்வனின் ஏழு பொய்கள்

மஞ்சக்குப்பத்தில் ஆங்கில இலக்கியம் என்றால் செந்தமிழ்செல்வன்தான். பெயர் வைத்த தகப்பனாரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து, தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டு, அரசு ஆசிரியர் தேர்வை நினைத்துத் தூக்கத்திலும் புரண்டுகொண்டிருப்பான் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

எம்.ஏ. முடிந்தது 2004இல். அன்று தொடங்கி அவருடைய உடம்பு ஓரிடத்தில் நின்றதில்லை. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். எழுந்தால் நடக்கும். காலையில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி எல்லோரும் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நடக்கும்போது அவர் மட்டும் இங்கிலாந்துக்காக நடந்தார். உதடு ஓயாமல் முணுமுணுக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

மந்திரம் இல்லை, மரணங்கள். இங்கிலீஷ் எழுத்தாளர்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை அவர்போல் அறிந்தவர் கடலூர் மாவட்டத்திலேயே கிடையாது. படகு கவிழ்ந்து செத்தவர் யார், காசநோயில் இருபத்தைந்து வயதில் போனவர் யார், ஊறவைத்த மீனை அளவு மீறித் தின்று உயிரை விட்டவர் யார், செத்த கோழியின் வயிற்றில் பனிக்கட்டி அடைக்கப்போய்ச் சளி பிடித்துக் காலமானவர் யார், எல்லாம் அவர் நாக்கு நுனியில். உயிரோடு இருந்தபோது அவர்கள் என்ன எழுதினார்கள் என்பது மட்டும் சரியாகத் தெரியாது. அதற்கு நேரம் இல்லை. முழுதாக ஒரு நாவலைப் படித்தால் தேறுவது மிஞ்சிப்போனால் மூன்று கேள்வி. அந்த நேரத்தில் முப்பது சாவுகளை மனப்பாடம் செய்துவிடலாம்.

இப்படிச் சேர்த்ததை எல்லாம் அவர் ஆயிரத்து இருநூறு ஒரு மார்க் கேள்விகளாகத் தன் கையெழுத்தில் எழுதினார். தேர்வுக்குப் படிக்கிற சனம் புத்தகத்தைப் புத்தகம் என்றுதான் சொல்லும். வேலை வாங்கித் தரும் என்று நம்புகிற தாளைத்தான் 'மெட்டீரியல்' என்று சொல்லும். செந்தமிழ்செல்வன் மெட்டீரியல் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில் சார்லஸ் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டுக் கிடைத்தது. கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. கடலூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நூறு கேள்வி, பி.முட்லூர் வருவதற்குள் முந்நூறு. பக்கத்து சீட்டுக்காரர்கள் இடம் மாறி உட்காருவார்கள்.

நல்ல சரக்குக்குத் திருடன் வருவான். 2005இல் புவனகிரியில் பயிற்சி மையம் நடத்திய தங்கராசு அதே ஆயிரத்து இருநூறு கேள்விகளைத் தன் பெயரில் விட்டார். நாற்பத்தோராம் பக்கத்து டீக்கறைகூட அப்படியே விழுந்திருந்தது. செந்தமிழ்செல்வன் தாளைத் தூக்கிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார்.

தங்கராசு நிதானமான ஆள். "உக்காருங்க சார். டீ சாப்பிடுறீங்களா?" என்று ஆரம்பித்தார். "இங்கிலீஷ்காரன் செத்த வருசம் உங்க சொத்தா சார்? நீங்க எழுதினாலும் அதே வருசம், நான் எழுதினாலும் அதே வருசம். நான் வேணும்னா மாத்திச் சாகச் சொல்ல முடியுமா அவன?"

செந்தமிழ்செல்வன் டீயைக் குடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும்போது கால் ஆடிக்கொண்டே இருந்தது. கடலூர் முதுநகர் வந்தபோது அந்த எண்ணம் பிறந்தது. உண்மை எல்லாருக்கும் பொது. பொய் மட்டும்தான் எழுதினவனுக்குச் சொந்தம்.

ஆகவே அடுத்த பதிப்பில், கடவுள் சாட்சியாக, ஏழே ஏழு பொய்களை எழுதினார். யார் தாளில் இவை வருகின்றனவோ அவன் கள்ளன். ஏழும் பொறுப்போடு செய்த பொய்கள். அந்தக் காலத்து அரசவைக் கவிஞருக்குச் சம்பளத்தோடு ஒரு பீப்பாய் ஒயினும் உண்டு. அதை ஒரு பீப்பாய் தேன் என்று மாற்றினார், படிக்கிற பிள்ளைகளின் ஒழுக்கம் கெடாமல். கண்பார்வை இழந்த ஒரு பெருங்கவிஞருக்கு மூன்று மகள்கள். ஒருத்தியைக் குறைத்தார், வரதட்சணை மிச்சம்.

ஏழாவதுதான் அவருக்கே பிடித்தது. இங்கிலீஷில் ஒவ்வொரு பிராணிக் கூட்டத்துக்கும் ஒரு தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். காக்கைகள் கூடினால் மர்டர், அதாவது கொலை. ஆந்தைகள் கூடினால் பார்லிமெண்ட். அவர் இரண்டையும் இடம் மாற்றினார். அப்படிப் பார்த்தால் அவர் எழுதியதுதான் பொருத்தம். காக்கைகள் மதிலில் கூடி ஒன்றை ஒன்று பேசவிடாமல் கத்துவதைப் பார்த்தவர் யாருக்கும் அதுதான் பார்லிமெண்ட் என்று தோன்றும்.

எது எது பொய் என்ற பட்டியலை ஒரு சிமெண்ட் கம்பெனி டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி, டைரியைத் தகரப் பெட்டியில் வைத்தார். தன் மாடி வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் தேர்வுக்கு முன்னால் வாயால் திருத்திச் சொல்லிவிடுவதாகத் திட்டம். 2006இல் தேர்வு வந்தது. சொல்ல மறந்துபோனார். தேர்வு முடிந்த மறுநாள் பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. அந்தத் தேர்வில் அவரும் நாலு மார்க்கில் போய்விட்டார் என்பதால் மற்றவர்களைப் பற்றி வருந்த அவகாசமில்லை.

கள்ளன் மட்டும் பிடிபட்டான். தங்கராசுவின் புதுத் தாளில் ஏழும் வரிசையாக நின்றன. ஆனால் ஊரைக் கூட்டி என்னவென்று சொல்வது? 'என் பொய்யைத் திருடிவிட்டான்' என்றா? சொன்னால் தன் மெட்டீரியலை யார் வாங்குவார்கள்? ஆகவே திருடனைக் கையும் களவுமாகப் பிடித்து, அப்படியே விட்டுவிட்டார். அதற்குள் ஏழும் பண்ருட்டி, விருத்தாசலம், விழுப்புரம் என்று பரவி, எல்லா மெட்டீரியலிலும் இருப்பதால் உண்மையாகவே ஆகிவிட்டன.

ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தது. கடலூருக்குள் அது வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போனது. ஒருவருக்குக் கூரை, ஒருவருக்குப் பலாத்தோப்பு, ஒருவருக்கு முந்திரி. செந்தமிழ்செல்வனிடமிருந்து ஏழு பொய்களை எடுத்துக்கொண்டு போனது. ஆஸ்பெஸ்டாஸ் பறந்து, பெட்டி நனைந்து, டைரி கஞ்சியாகிவிட்டது. அவர் கவலைப்படவில்லை. தான் சொன்ன பொய் தனக்குத் தெரியாதா?

அடுத்த சில மாதத்தில் தேர்வு அறிவிப்பு வந்தது. அன்று மாலையே ஒரு தாளை எடுத்து ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண் போட்டார். தேன் பீப்பாய் வந்தது. மகள் வந்தாள். இன்னும் இரண்டு வந்தன. நாலோடு நின்றுவிட்டது. மீதி மூன்றும் ஆயிரத்து இருநூறு உண்மைகளுக்குள் உண்மைபோல் உட்கார்ந்திருந்தன. கால் ஆட ஆரம்பித்தது.

இந்தத் தடவை விளையாட்டில்லை. மனைவி இசைவாணி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள், பேச்சு சுருக்கம். அவள் முன்னமே சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. வரலைன்னா தேவநாதன் கடைக்குப் போங்க. எட்டு வருசமா நீங்க செத்தவங்க கூடவே குடும்பம் நடத்திட்டீங்க."

தேவநாதன் அவள் தம்பி. குறிஞ்சிப்பாடியில் உரக்கடை. ஆள் வேண்டும் என்று எப்போதோ கேட்டுவிட்டான். அறிவிப்பு வந்த வாரம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"மாமா, நம்ம கடையில ஒரே ஒரு கேள்விதான். யூரியா இருக்கா இல்லையா. அதுக்கு மெட்டீரியல் வேணாம்."

"நான் பாஸ் பண்ணிடுவேன் மச்சான்."

"பண்ணுங்க, வேணாங்கல. கல்லாவுக்குப் பக்கத்துல ஃபேன் போட்டு வச்சிருக்கேன். நீங்க நடந்துகிட்டே இருப்பீங்கன்னு அக்கா சொல்லுச்சு, கொஞ்சம் இடமும் விட்டுருக்கேன்."

அந்த ஃபேனை நினைத்தாலே செந்தமிழ்செல்வனுக்கு வியர்த்தது. இசைவாணியைக் கேள்வி கேட்கச் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"காக்கா கூட்டத்துக்கு?"

"பார்லிமெண்ட்."

"ஆந்தைக்கு?"

"மர்டர்." சொல்லிவிட்டு நின்றார். "இரு இரு. இது நான் மாத்தினதா?"

"என்னைக் கேட்டா?"

"இல்ல, இதுவாதான் இருக்கும். காக்காதானே கத்துது."

"அப்ப தவளைக் கூட்டத்துக்கு ஆர்மின்னு போட்டிருக்கே, அது?"

"அது உண்மை."

"தவளை பட்டாளமா? அது உண்மையாம், இது சந்தேகமாம். உங்க பொய்யே தேவலைங்க, கேக்க ஒரு மாதிரியா இல்ல."

சிக்கல் அதுதான். இங்கிலீஷ்காரர்களின் உண்மை, செந்தமிழ்செல்வனின் பொய்யைவிட நம்ப முடியாததாக இருந்தது.

சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தார். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து காக்கையைத் தேடினார். இரண்டு இடத்தில் கொலை என்றிருந்தது, இரண்டு இடத்தில் பார்லிமெண்ட். எதை நம்புவது? பார்லிமெண்ட் என்ற ஒரு பக்கத்தைத் திறந்தார். அழகான கையெழுத்தில் யாரோ எழுதிய தாளை ஸ்கேன் எடுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்தைப் பார்த்ததும் நம்பிக்கை வந்தது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் அது தன் கையெழுத்து என்று தெரிந்தது.

நூலகத்துக்குப் போய் ஆயிரத்து இருநூறையும் சரிபார்க்கலாம் என்று ஒரு நாள் போனார். ஒரு நாவலை எடுத்து நாற்பது பக்கம் படித்தார். ஒரு கேள்விகூடத் தேறவில்லை. யாரோ ஒரு பெண் மழையில் நடந்துகொண்டே இருந்தாள். வைத்துவிட்டு வந்தார்.

கடைசியில் சார்லஸ் கடை. "பழைய செட்டு ஒண்ணு இருக்கா சார்லஸ்? ரெண்டாயிரத்து நாலு, பொய்... அதாவது, முதல் பதிப்பு."

சார்லஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அதெல்லாம் எப்பவோ பஜ்ஜிக் கடைக்குப் போயிடுச்சு சார். தப்பு திருத்தணும்னா அருள்மொழி மேடத்த கேளுங்க. அவுங்க செட்டுல செவப்பு மையில கோடு போட்டு வச்சிருந்தாங்க, ஒருதரம் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டாந்தாங்க."

"நம்ம அருள்மொழியா?"

"உங்க வகுப்புல பாஸ் பண்ணினது அவுங்க ஒருத்தர்தானே சார்."

உண்மைதான். அருள்மொழி 2006இல் தேறி, பரங்கிப்பேட்டைப் பக்கம் அரசுப் பள்ளியில் இருந்தாள். வீடு புவனகிரியில். அடுத்த சனிக்கிழமை காலை செந்தமிழ்செல்வன் அங்கே நின்றார். அவள் எழுந்து நின்று, "வாங்க சார், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அந்த மரியாதை அவருக்கு உள்ளே சுருக்கென்றது. செட்டைக் கேட்டதும் அவள் முகம் சங்கடப்பட்டது.

"உங்ககிட்ட காட்டவே கூடாதுன்னு இருந்தேன் சார். மனசு கஷ்டப்படுவீங்க."

கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பக்கங்களைத் திருப்பினார். சிவப்புக் கோடுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். இருபத்து மூன்று.

ஏழு எழுதினவனுக்கு இருபத்து மூன்று எப்படி வரும்? பதினாறு அதிகம். அவர் வாழ்நாளில் போட்ட கணக்குகளிலேயே இதற்குத்தான் சீக்கிரம் விடை வந்தது. அந்த விடையை ஏற்கத்தான் நேரம் பிடித்தது. அந்தப் பதினாறும் அவர் மனமார எழுதியவை, உண்மை என்று நம்பி. 2006இல் நாலு மார்க்கில் தன்னைக் கவிழ்த்தது யார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"என் தங்கச்சி மலர்க்கொடி சார். அதே பரீட்சைய என் செட்ட வச்சுதான் எழுதினா. ஒரு மார்க்குல போயிட்டா. காக்கா கேள்வி. எந்த ஒரு மார்க்குன்னு பாக்கப் போய்த்தான் எல்லாத்தையும் லைப்ரரியில உக்காந்து பாத்தேன். ஒரு வருசம் ஆச்சு." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பரவால்ல சார். தப்புங்கிறது யாருக்கும் தெரியாம வர்றதுதானே."

மலர்க்கொடி ஆறு வருடமாகத் தனியார் பள்ளிகளில் மாறி மாறி இருக்கிறாள். இந்தத் தேர்வையும் எழுதப் போகிறாள்.

செந்தமிழ்செல்வனுக்கு அப்போது இரண்டு வழிகள்தான் இருந்தன. எல்லாம் தெரியாமல் வந்த பிழை என்று தலையாட்டினால் முட்டாள். எல்லாம் திருடனைப் பிடிக்கத் தெரிந்தே வைத்த பொறி என்றால் அயோக்கியன். ஆங்கில இலக்கியத்தின் மாவட்டப் பிரதிநிதி முட்டாளாக இருக்க முடியாது. வாய் திறந்து, "எல்லாமே வேணும்னுதான்ம்மா எழுதினேன்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "வேணும்னா?"

தங்கராசு கதையைச் சொன்னார். அவள் கேட்டு முடித்து, செட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இருபத்து மூணையும் தெரிஞ்சே வச்சீங்கன்னா, இந்தச் செட்டு உங்களுக்கு எதுக்கு சார்?"

கால் ஆடுவது நின்றுவிட்டது. இசைவாணி இருந்திருந்தால் பயந்திருப்பாள்.

"ஏழுதான்மா வேணும்னு வச்சது. அதுலயும் மூணு மறந்துபோச்சு. மீதி பதினாறு எனக்குத் தெரியாது." ஒரே மூச்சில் சொன்னார். "உன் தங்கச்சிய கவுத்த அந்தக் காக்கா நான் வேணும்னு வச்சதுதான்."

ஒரே வாக்கியத்தில் முட்டாளும் அயோக்கியனும் ஆனவர் மாவட்டத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அருள்மொழி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எடுத்துட்டுப் போங்க சார். ஆனா நீங்க மட்டும் திருத்திக்கிட்டுப் போயி எழுதக் கூடாது. எத்தனை பேரு அத வச்சுப் படிக்கிறாங்க."

புவனகிரியிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அவர் முழங்காலில் தாளை வைத்து இருபத்து மூன்று திருத்தங்களையும் எழுதினார். வெள்ளாற்றுப் பாலம் வரும்போது ஒரு முறை நிறுத்தினார். இதை யாருக்கும் சொல்லாவிட்டால் மாவட்டத்தில் அத்தனை பேரும் காக்கைக்குப் பார்லிமெண்ட் என்று எழுதுவார்கள். தான் மட்டும் சரியாக எழுதலாம். உரக்கடை ஃபேன் வேறு யாருக்காவது சுற்றும். பாலம் முடிகிற வரை அந்த யோசனை நன்றாகத்தான் இருந்தது. பிறகு மீதியையும் எழுதினார்.

சார்லஸ் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். 'செந்தமிழ்செல்வன் மெட்டீரியலில் பிழைகள் 23. திருத்தம் இலவசம்.' கீழே அவர் கையெழுத்து. சார்லஸ் இருநூறு பிரதி எடுத்து மேஜையில் வைத்தார்.

மூன்று நாளில் சார்லஸ் போன் செய்தார். "சார், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறாங்க."

"இலவசம்னு போட்டிருக்கே?"

"அதனாலதான் சார் சந்தேகம். பரீட்சைக்கு மூணு வாரம் இருக்கும்போது எவனாவது சும்மா உண்மையச் சொல்வானான்னு கேக்குறாங்க. நீங்களும் எழுதுறீங்கல்ல, போட்டிக்காரங்கள குழப்பப் பாக்குறீங்களாம். பழைய செட்டு விலை ஏறிடுச்சு. திருத்தாதது இருக்கான்னு கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

செந்தமிழ்செல்வன் ஞாயிறு வகுப்பில் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு, போகும்போது படிக்கட்டில் சிரித்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து, "சார், எனக்கு மட்டும் ஒரிஜினல் சொல்லுங்க சார்" என்றான். ஏழு பொய்யை ஏழு வருடம் நம்பிய ஊர், ஒரு உண்மையை மூன்று வாரம் நம்பவில்லை.

தேர்வு கோடையில் நடந்தது. இருபத்து மூன்றில் இரண்டு வந்தன. அவர் இரண்டையும் சரியாக எழுதினார். எழுதிவிட்டு அந்த அறையில் குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டு வருடத்தில் முதன்முறையாகத் தன் விடையைவிட அடுத்தவர் விடையைப் பற்றி அதிகம் தவித்தார். கண்காணிப்பாளர் வந்து, "முன்னால பாருங்க சார்" என்றார்.

முடிவு வர மழைக்காலம் ஆனது. செந்தமிழ்செல்வன் தேறியிருந்தார், ஒரே ஒரு மார்க்கில். கடலூரில் அவருக்கு வந்த வாழ்த்துகளில் நீளமானது தங்கராசுவுடையது. பழத்தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நானும் இருபது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். உண்மைய பொய் மாதிரி நோட்டீஸ் போட்டு ஒட்டலாம்னு எனக்குத் தோணல பாருங்க. என் மையத்துல மட்டும் நாப்பது பேரு அந்த ரெண்டு கேள்வியில அவுட்டு."

"எல்லாரும் நம்பணும்னுதான் ஒட்டினேன் தங்கராசு."

"சரிங்க சார்." தங்கராசு கண்ணைச் சிமிட்டினார். "எனக்குமா சொல்லக் கூடாது?"

இசைவாணி பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள். தேவநாதன் போனில், "ஃபேன கழட்டிடட்டா மாமா?" என்று கேட்டான். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவர் மட்டும் அன்று மைதானத்தை வழக்கத்தைவிட நாலு சுற்று அதிகமாகச் சுற்றினார். நாலாவது சுற்றிலும் அந்த நாற்பது பேர் கூடவே வந்தார்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பு வரிசையில் அவருக்கு ஆறு பேர் முன்னால் ஒரு பெண் நின்றாள். அருள்மொழியின் சாயல். அவளே திரும்பி வந்து வணக்கம் சொன்னாள்.

"நான் மலர்க்கொடி சார். அருள்மொழி தங்கச்சி. உங்களைவிட மூணு மார்க் கூட."

"ரொம்ப சந்தோசம்மா. அந்த நோட்டீஸ நம்பினியா?"

"அக்கா லைப்ரரியில பாத்து எழுதினதால நம்பினேன் சார்." மரியாதையாகத்தான் சொன்னாள். "நீங்க மட்டும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காக்கைக் கேள்வியில் அவள் தோற்ற நாளிலிருந்து ஆறு வருடத்துப் பாக்கி அது. சொல்ல வேண்டியதும் ஒரே சொல்தான். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள். அவர் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்று, அவள் வெளியே வருவதற்காகக் காத்திருந்தார்.